மூஸ் திருச்சபையும் ஒரு தமிழரும்

வேதப்பன் சாலமோன் என்ற பெயரை நம் வாசகர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? கார் நிக்கோபார் திருச்சபையின் வரலாறு இந்தத் தமிழரிடமிருந்துதான் தொடங்குகிறது. பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிச் சீட்டின்றி அத்தீவுக்குச் செல்ல இயலாது. ஆகவே போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கும் இவ்வரலாறு எட்டாமல் இருப்பதில் வியப்பில்லை.

அவருக்கு முன்பே முயன்றவர்கள் உண்டு. நம் தரங்கம்பாடியைத் தளமாகக் கொண்டிருந்த மொராவியச் சபையார் 1768இல் நான்கௌரித் தீவில் குடியேறினர். காய்ச்சலுக்குப் பலர் பலியாயினர். 1787இல் அப்பணி கைவிடப்பட்டது.

உபதேசியாரான சாலமோன், போர்ட் பிளேரில் நிக்கோபார் சிறுவர்களைப் பராமரித்து வந்தார். 1896இல் அரசு முகவராகக் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்திற்குச் சென்றார். வந்துபோகும் கப்பல்களைக் குறித்துக்கொள்வதும், அரசுக்கு நாட்குறிப்பு அனுப்புவதும் அவரது அலுவல். அதனுடன் சிறுவர்களுக்குப் பள்ளியும் நடத்தினார். அப்பள்ளியே அங்குள்ள சபையின் தொடக்கம் எனலாம். 1909 வரை அவரது பணி நீடித்தது.

அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவர் 1884இல் பிறந்த ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் மாந்தலே நகருக்குச் சென்று கல்வி கற்றுத் திரும்பி, தம் மக்களுக்கே ஆசிரியரானார். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் தீவு மக்கள் பலர் ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சன் தம் மகனையும் பறிகொடுத்தார். சபையோ கலையவில்லை. 1950இல் அவர் பேராயராக அருட்பொழிவு பெற்றார். 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1978இல் காலமானார்.

மூஸ் சபை ஆங்கிலிக்கன் மரபில் வளர்ந்தது. தமிழகத்தில் அம்மரபினரும் மெதடிஸ்டுகளும் பிறரும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றிணைந்தனர் அல்லவா? அதுபோலவே 1970 நவம்பர் 29 அன்று நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவாயிற்று. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய மாநாடுகளைச் சேர்ந்த மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தனர். இத்தீவுகளின் ஆங்கிலிக்கன் சபைகளும் அதில் அடங்கின.

பின் வந்தது 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் கடலோரக் கிராமங்கள் அழிந்தன, ஆலயங்களும் தப்பவில்லை. மக்கள் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். கம்பங்களின் மேல் தேன்கூடு போல நிற்கும் அவர்களது வட்ட வீடுகளில் ஆணி கிடையாது. எல்லாம் பிரம்புக் கட்டு. தரைக்கு அடியிலும் காற்று போகும். அப்படி வாழ்ந்தவர்கள் நிவாரணக் காலத்தில் தகரக் கொட்டகைகளில் வெயிலைத் தாங்க வேண்டியதாயிற்று. கட்டுவதற்கு முன் குடியிருப்பவரைக் கேட்க வேண்டும் என்பது பொறியாளர்களாகிய நாங்கள் அடிக்கடி மறக்கும் பாடம். ஆயினும் புதிய குடியிருப்புகளிலும் சபை கூடியது. 2011 கணக்கெடுப்பின்படி நிக்கோபார் மாவட்டத்தின் 36,842 பேரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.

ரயில்வேயில் பாலம் கட்டும்போது, ஆற்று மணலுக்குள் கிணற்று அஸ்திவாரம் இறக்குவோம். வண்டி ஓடத் தொடங்கிய பின் அதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வெள்ளம் வரும்போது பாலத்தைத் தாங்குவது அதுதான். சாலமோன் இறக்கிய அஸ்திவாரம் கல்லால் ஆனதன்று. பாடம் கற்ற சில சிறுவர்கள்தான். போரும் கடலும் அதை அசைக்க முடியவில்லை. இத்தீவுகளில் தமிழர் செய்த பணிகளை நம் சங்கம் தொகுக்கும்போது, சாலமோனின் பெயரையும் தவறாமல் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.