கறுப்புத் திரையில் ஒரு '1.55'

கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து மடிக்கணினியை மறுபடி எழுப்பினால், தயாரிப்பாளரின் முத்திரைக்கும் கடவுச்சொல் கேட்கும் திரைக்கும் நடுவில் சில வெள்ளை எழுத்துகள் ஓடுகின்றன: 'டூ-ஐஆர்க்யூ: 1.55 நோ ஐஆர்க்யூ ஹேண்ட்லர் ஃபார் வெக்டர்'. அடுத்த வரியில் 2.55, அதற்கும் அடுத்து 3.55. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. ரைசன் சிப் உள்ள கணினிகளில் லினக்ஸ் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிப்போன காட்சி. முதல் தடவை பார்ப்பவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் லினக்ஸ் புதிய சரக்கல்ல. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த கணினிகளில், விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை. ராஜபாளையத்தில் ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று பொறியியல் மாணவர்கள் நிறைந்த பாதை இது. ஒரே கணினியில் விண்டோஸையும் உபுண்டுவையும் சேர்த்து வைப்பது அவர்களுக்குச் சாதாரணம்.

சிக்கல் வந்தால் கணினிக் கடைகளில் அநேகமாகக் கிடைக்கும் பதில் ஒன்றே: "ஓஎஸ் மாத்திப் போட்டுடலாம் தம்பி." இந்த நோய்க்கு அந்த மருந்து பலிக்காது. பயாஸ் இருப்பது மதர்போர்டில் உள்ள தனி ஃபிளாஷ் சிப்பில். ஹார்டு டிஸ்க்கை எத்தனை முறை துடைத்தாலும் பயாஸில் ஓர் எழுத்துகூட மாறாது. எச்சரிக்கை மறுபடி வரும். புராஜெக்ட் கோப்புகள் போனதுதான் மிச்சம்.

எச்சரிக்கையில் வரும் 'ஐஆர்க்யூ' இன்டரப்டைக் குறிக்கிறது. இன்டரப்ட் என்றால் என்ன என்பதை ராஜபாளையத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து நூற்பாலை தெரியாத தெரு அங்கே அபூர்வம். ரிங் ஃபிரேமில் இழை அறுந்த கதிரைக் கண்டுபிடிக்க, அதைக் கவனிக்கும் தொழிலாளியான சைடர் ஒவ்வொரு கதிராகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அறுந்த இடத்தில் விளக்கு எரியும்படி சென்சார் வைத்திருந்தால் நேரே அங்கே போய்விடலாம். அந்த விளக்குதான் இன்டரப்ட். கீபோர்டு, வைஃபை, யுஎஸ்பி எல்லாம் இப்படித்தான் பிராசஸரைக் கூப்பிடுகின்றன. எந்தச் சாதனம் எந்த வழியாகக் கூப்பிடும் என்ற பட்டியலில் பெரும்பகுதியை லினக்ஸின் மையமான கெர்னலுக்குக் கொடுப்பது பயாஸ். அதைப் புதுப்பித்தால் பட்டியலும் மாறக்கூடும். கெர்னல் முணுமுணுப்பது அதனால்தான்.

இனி அந்த 1.55. புள்ளிக்கு முன்னால் இருப்பது பிராசஸரின் வரிசை எண். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் 1 என்றால் இரண்டாவது. புள்ளிக்குப் பின்னால், அழைப்பு எந்த வழியாக வந்தது என்று சொல்லும் வெக்டர் எண். பழைய காலத்து 16 இன்டரப்ட் தடங்களுக்கென்று லினக்ஸ் 48 முதல் 63 வரை ஒதுக்கியிருக்கிறது. 55இல் 48ஐக் கழித்தால் 7. அந்த ஏழாம் தடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அது பிரிண்டருக்கு உரியது. அந்தக் கணினியில் இருந்த இன்டெல் 8259 சிப், கூப்பிட்ட சாதனம் பதில் வருவதற்குள் அடங்கிவிட்டால், யார் கூப்பிட்டது என்று தெரியாமல் பழியை ஏழாம் எண் மீது போட்டுவிடும். நாற்பது ஆண்டு கழித்தும் அந்தச் சிப்பின் வேலையைப் புதிய கணினிகள் தங்களுக்குள் நடித்துக்கொண்டிருக்கின்றன. பூட் ஆகும்போது பயாஸ் அதைச் சரியாக அடக்காமல் விட்டுப்போனால், விழித்தெழும் பிராசஸரின் காதில் ஆளில்லாத அழைப்பு ஒன்று விழும். 55 என்ற எண்ணைப் பார்த்தால் சந்தேகம் நேராக அங்கேதான் போகிறது.

இந்தச் செய்தி கெர்னலின் உச்சபட்ச அவசரத் தரத்தில் அச்சாகிறது. பூட் வரியில் 'கொயட்' என்று கொடுத்திருந்தாலும் திரைக்கு வந்துவிடும். சத்தம் பெரிதே தவிர சேதம் இல்லை. பூட் நேரத்தில் மட்டும் வந்து, எல்லாச் சாதனங்களும் ஒழுங்காக ஓடினால் விட்டுவிடலாம். புதிய கெர்னல்களில் இதே செய்தி 'காமன்-இன்டரப்ட்' என்ற தலைப்போடு வரும்.

பயப்பட வேண்டியது இன்னொன்றுக்கு: 'ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்'. ஒரு தடத்தில் ஒரு லட்சம் அழைப்புகள் வந்து, அவற்றில் 99,900க்கு மேல் எந்த டிரைவரும் தனது என்று ஏற்காவிட்டால், கெர்னல் அந்தத் தடத்தையே மூடிவிடும். அதில் தொங்கும் யுஎஸ்பியோ டச்பேடோ தள்ளாடத் தொடங்கும். இந்தச் செய்திக்கு அடியிலேயே 'ஹேண்ட்லர்ஸ்' என்று ஒரு பட்டியல் வரும். அந்தத் தடத்தைப் பகிரும் டிரைவர்களின் பெயர்கள் அவை. விசாரணையை அங்கே தொடங்க வேண்டும்.

அடுத்து பயாஸ் அமைப்புகள். புதுப்பிக்கும்போது அவை பெரும்பாலும் இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். மாற்றி வைத்திருந்தவற்றை மறுபடி பார்க்க வேண்டும். பிறகு பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக முந்தைய கெர்னலில் பூட் செய்யலாம். பயாஸைப் புதுப்பிக்கும் முன் சத்தமில்லாமல் ஓடிய அதே கெர்னலும் இப்போது புலம்பினால் குற்றம் பயாஸ் மேல். 'ப்ராக்' அடைவில் உள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பைச் சில நொடி இடைவெளியில் இரண்டு தடவை திறந்தால், எந்த எண் தறிகெட்டு ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும். கெர்னலே பரிந்துரைக்கும் 'ஐஆர்க்யூபோல்' தற்காலிக ஏற்பாடுதான். யாரும் ஏற்காத அழைப்பு வரும்போதும் ஒவ்வொரு டைமர் துடிப்பின்போதும் எல்லா டிரைவர்களையும் ஒவ்வொன்றாக விசாரிக்க வைப்பதால் வேகம் குறையும். பழைய பயாஸுக்கே திரும்பிவிடலாமே என்றால், பல நிறுவனங்கள் அதற்கு வழி வைப்பதில்லை.

புதுப்பிப்பதற்கு முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. பயாஸ் எழுதப்படும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே செத்துவிடலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வந்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

எச்சரிக்கை வந்தால் கடைக்குப் போகும் முன் அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பயாஸின் பதிப்பு எண்ணும் தேதியும் கெர்னல் பதிவின் தொடக்கத்தில் 'டிஎம்ஐ' என்ற வரியிலேயே இருக்கும். அதையும் குறித்துக்கொண்டு தயாரிப்பாளருக்குப் புகார் அனுப்புங்கள். இதைச் சரிசெய்யும் அடுத்த பயாஸ் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.