அறுபதாயிரம் முதுகுகள்

மக்கள் கூட்டமாக ஓடும் ஓட்டத்தைப் படமெடுக்கக் கலைஞர்களைக் கூப்பிட்டால் என்ன கிடைக்கும்? கூப்பிட்டவர் எதிர்பார்த்தது கிடைக்காது. அதில்தான் லாபம் இருக்கிறது.

2011-ம் ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் வடகிழக்கில் சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில், கென்யாவின் மார்ட்டின் மதாதி 58 நிமிடம் 56 விநாடியில் எல்லைக்கோட்டைத் தொட்டார். அந்தப் பாதையில் அரை மாரத்தானை அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடி முடித்ததில்லை. நேரலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சாலையில் முடியவில்லை. ஓட வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த நேரத்தில் பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. இன்னும் சில மணி நேரத்துக்கு அவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஓடி, நடந்து, நொண்டி, பக்கத்தில் வருபவரின் தோளைப் பிடித்துக்கொண்டு.

‘கிரேட் நார்த் ரன்’ என்ற இந்த ஓட்டத்தைப் படமாக்குவதில் உள்ள சிக்கல் இதுதான். ஜெயித்தவரைக் காட்ட ஒரு மணி நேரம் போதும். மற்றவர்களை என்ன செய்வது?

ஒரு வெண்கலப் பதக்கக்காரரின் யோசனை

பிரெண்டன் ஃபாஸ்டர் டைன் நதிக்கரையில் உள்ள ஹெப்பர்ன் என்ற ஊர்க்காரர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர். 1979-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடக்கும் ‘ரவுண்ட் தி பேஸ்’ ஓட்டத்தில் கலந்துகொண்டார். தாத்தா, பேத்தி, பால்காரர், வக்கீல் என்று ஊரே சாலையில் இறங்கி ஓடுகிற வகை அது. நம்ம ஊரிலும் இப்படி ஒன்றை நடத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1981 ஜூன் 28 அன்று முதல் ஓட்டம். சுமார் 12,000 பேர் திரண்டார்கள். கால்பந்து நட்சத்திரம் கெவின் கீகன் அவர்களில் ஒருவர். இன்று சுமார் 60,000 பேர் பதிவு செய்கிறார்கள். தொடங்கிய நாள்முதல் ஓடி முடித்தவர்களின் கணக்கு 2014-ல் பத்து லட்சத்தைத் தொட்டது.

நியூகாசில் நகரின் நடுவே போகும் மோட்டார் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதர்களை நிறுத்துவார்கள். சுரங்கப்பாதைக்குள் கூட்டம் நுழைந்ததும் யாரோ ஒருவர் ‘ஆகி ஆகி ஆகி’ என்று கத்துவார். ‘ஒய் ஒய் ஒய்’ என்று ஆயிரக்கணக்கான குரல்கள் கான்கிரீட்டில் மோதித் திரும்பும். பிறகு டைன் பாலம். 1928-ல் திறக்கப்பட்ட அந்த இரும்பு வளைவுக்கு மேலே விமானப்படையின் ‘ரெட் ஆரோஸ்’ விமானங்கள் வண்ணப் புகை விட்டுப் பறக்கும். அப்புறம் கேட்ஸ்ஹெட், ஃபெல்லிங் என்று அழகில்லாத நெடுஞ்சாலை. வீட்டு வாசலில் நின்று ஆரஞ்சுச் சுளையும் குச்சி ஐஸும் நீட்டுகிற குடும்பங்கள். மார்ஸ்டனில் கடல் தெரியும்போது ஒரு செங்குத்தான இறக்கம். கடைசி ஒரு மைல் கடலோரமாக, நேராக, முடியவே முடியாததுபோல நீளும்.

பாலமும் விமானங்களும் ஏறக்குறைய எல்லா வருஷமும் தொலைக்காட்சியில் வருகின்றன. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் வண்ணச் சட்டைகளால் ஆன ஆறு ஒன்று பாலத்தைக் கடக்கும். முதல் தடவை பார்ப்பவருக்கு மூச்சே நின்றுவிடும். பத்தாவது தடவையும் அதே காட்சிதான் வரும்.

கலைஞர்களுக்கு ஓர் அழைப்பு

2005-ல் இந்த ஓட்டத்தோடு ஒரு கலைத்திட்டமும் சேர்ந்துகொண்டது. நகரும் பிம்பத்தைத் தங்கள் ஊடகமாகக் கொண்ட கலைஞர்களை அழைத்து, இந்த ஓட்டத்திலிருந்து ஒரு படைப்பை உருவாக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். கேட்ட இடமும் அதற்குத் தோதானதுதான். உழைப்பாளிகளின் வாழ்க்கையைப் படமெடுப்பதையே வேலையாகக் கொண்ட ‘ஆம்பர்’ குழு 1960-களின் கடைசியிலிருந்து நியூகாசிலில் இயங்கிவந்தது. கேட்ஸ்ஹெட் மேட்டில் ஆன்டனி கோர்ம்லியின் ‘ஏஞ்சல் ஆஃப் தி நார்த்’ சிலை 1998-ல் எழுந்தது. ஆற்றங்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த மாவு மில் 2002-ல் ‘பால்டிக்’ என்ற கலைக்கூடமாகத் திறந்தது. கப்பல்கட்டும் தளங்களும் சுரங்கங்களும் மூடிய பிறகு, இந்த வட்டாரம் தன் முகத்தைக் கலையில் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

அழைக்கப்பட்டவர்களில் ஜேன், லூயிஸ் வில்சன் என்ற இரட்டைச் சகோதரிகளும் உண்டு. நியூகாசிலில் பிறந்தவர்கள். 1999-ல் கலைக்கான டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தவர்கள். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் விட்டுப்போன சிறையையும் அலுவலகங்களையும் ‘ஸ்டாசி சிட்டி’ என்ற படைப்பில் பதிவு செய்தவர்கள். ஆளில்லாத கட்டடங்களைப் படமெடுத்துப் பேர்வாங்கிய இருவரைப் பல்லாயிரம் பேர் ஓடும் ஓட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள்! விளையாட்டுப் படம் எடுத்துப் பழகியவரைக் கூப்பிட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். விளைவும் சுலபமானதாகவே இருந்திருக்கும்.

இந்த வேலையில் கலைஞருக்கு முதல் எதிரி நேரம். ஓட்டம் வருஷத்துக்கு ஒரு நாள்தான். ‘இன்னொரு தரம் ஓடி வாங்க’ என்று யாரிடமும் சொல்ல முடியாது. மழை பெய்தால் பெய்ததுதான். கேமராவை எங்கே வைப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் சாலையை மூடிவிட்டால் சந்து பொந்தில்கூட நகர முடியாது. நல்ல இடங்களையெல்லாம் தொலைக்காட்சிக்காரர்கள் பிடித்திருப்பார்கள். ஒருவகையில் அது உதவிதான். அவர்கள் வேண்டாம் என்று விட்ட இடங்கள் மிச்சமிருக்கும். தொடங்குவதற்கு முன் கழிப்பறை வரிசை, கழற்றி எறிந்த ஸ்வெட்டர்கள் குவிந்த சாலையோர வேலி, மருத்துவ உதவிக் கூடாரத்தின் வாசல், ஓடி முடித்தவர்களை ஏற்றிச் செல்லும் மெட்ரோ ரயில்.

பின்னாலிருந்து பார்த்தால்

இன்னொரு சிக்கல் ஆழமானது. கூட்டத்துக்குக் கதாநாயகன் கிடையாது. நூறு மீட்டர் ஓட்டத்தில் எட்டுப் பேர். யார் முந்துவார் என்பது கதை. இங்கே ஒருவருக்கு முன்னால் முப்பதாயிரம் பேர், பின்னால் முப்பதாயிரம் பேர். அவர் யாரையும் முந்த வரவில்லை. தேரை விட்டுவிட்டு வடம் பிடித்த கைகளைப் பார்க்கப் பழகிய கண்தான் இதைப் படமாக்க முடியும்.

அந்தக் கண் முதலில் கவனிப்பது ஒரு சின்ன விஷயத்தை. தொலைக்காட்சி ஓடுபவர்களை எதிரிலிருந்து காட்டுகிறது, முகங்களாக. ஆனால் ஓடுகிறவர் 21 கிலோமீட்டருக்கும் பார்த்துக்கொண்டு போவது அடுத்தவரின் முதுகைத்தான். அந்த முதுகுகளில் எழுதியிருக்கிறது. நான்கு ஊக்குகளால் குத்திய ஒரு தாள், வியர்வையில் ஓரம் சுருண்டிருக்கிறது. ‘இவருக்காக ஓடுகிறேன்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே பேனாவால் ‘அப்பா’ என்ற ஒற்றைச் சொல். அடுத்தவர் சட்டையில் புற்றுநோய் அறக்கட்டளையின் பெயர், அதன் கீழே ஒரு பெண்ணின் புகைப்படம், பிறந்த வருஷம், இறந்த வருஷம். குளிர்சாதனப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு நிதி திரட்ட ஓடியவரும் உண்டு. இந்த ஓட்டம் ஆண்டுதோறும் அறக்கட்டளைகளுக்கு இரண்டு கோடி பவுண்டுக்கு மேல் திரட்டித் தருகிறது. தொகையைச் செய்தி அறிக்கை சொல்லிவிடும். தாள் குத்திய முதுகுகளை மூன்று மணி நேரம் பின்தொடர்வது எப்படி இருக்கும் என்பதைப் படம்தான் சொல்ல முடியும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. கலைத்திட்டம் தொடங்கிய அதே 2005-ல், ஓட்டத்தின்போது நான்கு பேர் உயிரிழந்தார்கள். எந்த விளம்பரப் படத்திலும் இதற்கு இடமில்லை. ஆனால் பல்லாயிரம் உடல்கள் தங்கள் எல்லைக்கே போய்ப் பார்க்கிற நிகழ்ச்சி இது என்பதை மறைத்துவிட்டு, இதைப் பற்றி உண்மையாக ஒரு படம் எடுத்துவிட முடியுமா?

டோக்கியோவில் நடந்த சண்டை

பணம் கொடுத்தவருக்கும் படம் எடுத்தவருக்கும் இடையிலான இழுபறிக்கு ஓட்டப்பந்தயம் தந்த மிகப் பெரிய உதாரணம் 1964 டோக்கியோ ஒலிம்பிக். அதிகாரபூர்வப் படத்தை எடுக்க முதலில் பேசப்பட்டவர் இயக்குநர் அகிரா குரோசாவா. அது கைகூடாமல் போக, பொறுப்பு கோன் இச்சிகாவாவிடம் வந்தது. நாட்டின் மறுபிறப்பைக் கொண்டாடும் வெற்றிப் பதிவொன்றை அரசு எதிர்பார்த்தது. இச்சிகாவா படத்தைச் சூரியனோடு தொடங்கினார். அடுத்து, பழைய கட்டடங்களை இடிக்கும் இரும்புக் குண்டைக் காட்டினார். குண்டு எறிபவரின் பதற்றமான விரல்களைக் காட்டினார். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலிருந்து வந்து அரையிறுதியோடு வெளியேறிய 800 மீட்டர் ஓட்டக்காரர் ஒருவரைப் பின்தொடர்ந்து போய், ஒலிம்பிக் கிராமத்தில் அவர் தனியாகச் சாப்பிடுவதைக் காட்டினார்.

மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா ஜெயித்தார். குடல்வால் அறுவைசிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் உலகின் அதிவேக நேரத்தைப் படைத்தார். ஸ்லோ மோஷனில் அவரது முகம் கல்லில் செதுக்கியதுபோலத் திரையில் நகர்கிறது. ஆனால் இச்சிகாவா அவரோடு நின்றுவிடவில்லை. தண்ணீர் மேசையருகே நின்று நிதானமாகக் கோப்பை கோப்பையாகக் குடிப்பவர், கொப்புளம் கண்ட பாதத்தைப் பார்ப்பவர், சாலையோரம் உட்கார்ந்துவிட்டவர் என்று எல்லாருக்கும் இடம் கொடுத்தார்.

முன்னோட்டக் காட்சி பார்த்த ஒலிம்பிக் பொறுப்பு அமைச்சர் இச்சிரோ கோனோ கொதித்துப்போனார். இது பதிவே இல்லை என்றார். ‘பதிவா, கலையா’ என்று பத்திரிகைகளில் பெரிய விவாதம் கிளம்பியது. நடிகை ஹிதேகோ தகாமினே படத்துக்காகப் பகிரங்கமாக வாதாடினார், அமைச்சரையே நேரில் சந்தித்துப் பேசினார். படம் தப்பியது. 1965-ல் வெளியாகி ஜப்பானில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப்பட்டது, கான் விழாவில் விமர்சகர்கள் பரிசையும் பெற்றது. பதிவு வேண்டும் என்றவர்களுக்காக வேறொரு படமும் பின்னால் தயாரானது. அதை இன்று யார் தேடிப் பார்க்கிறார்கள்?

அதே டோக்கியோ மைதானத்தில், அக்டோபர் 14 அன்று 10,000 மீட்டர் இறுதிப் போட்டியில், இலங்கையின் ரணதுங்க கருணானந்தா மற்ற எல்லோரும் முடித்த பிறகும் இன்னும் சில சுற்றுகள் தனியாக ஓடினார். முதலில் கேலி செய்த கூட்டம் கடைசியில் எழுந்து கைதட்டியது. ஜப்பானியப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஏறியது அவருடைய கதை. தங்கம் வென்றவரை ஆவணம் காப்பாற்றும். கடைசியாக வந்தவரை யாராவது பார்த்து, சொல்லி, காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

எட்டு வருஷம் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் வோல்ப்பர் வேறு வழியைப் பிடித்தார். எட்டு இயக்குநர்களை அழைத்து, ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார். 1973-ல் ‘விஷன்ஸ் ஆஃப் எய்ட்’ வந்தது. குளோத் லெலூஷ் எடுத்துக்கொண்டது தோற்றவர்களை. ஜான் ஷ்லெசிஞ்சர் எடுத்துக்கொண்டது மாரத்தானை. இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்ட அந்த ஒலிம்பிக்கில், அந்தத் துயரத்தையும் தன் பயிற்சி தவிர வேறெதையும் நினைக்க மறுக்கும் பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ரான் ஹில்லையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்தார். ஹில் ஆறாவதாகத்தான் வந்தார். ஆறாவதாக வந்தவரின் மனதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு விளையாட்டுச் செய்தியாளருக்குத் தோன்றியிருக்காது.

கூப்பிடுபவர் செய்ய வேண்டியது

இந்தக் கதைகளிலிருந்து, படம் எடுக்கச் சொல்பவர்களுக்குச் சில நடைமுறைப் பாடங்கள் உண்டு. ‘மகிழ்ச்சி, ஒற்றுமை, உத்வேகம்’ என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அதே மூன்று சொற்கள்தான் திரையில் திரும்பி வரும். இறுதிச்சுற்றுக்கு வரும் கலைஞர்களின் யோசனைக்கும் கொஞ்சம் பணம் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கேட்டால் ஏற்கெனவே செய்த வேலையைத்தான் தூசி தட்டித் தருவார்கள். பணத்தைவிடப் பெரிய உதவி அனுமதிதான். மூடிய சாலையில் நடமாட ஓர் அடையாள அட்டை, மருத்துவக் கூடாரத்துக்குள் போக ஓர் இசைவு, முந்தைய வருஷமே வந்து பார்த்துவிட்டுப் போக ஒரு வாய்ப்பு. வலியில் துடிப்பவரின் முகத்தைக் காட்டுவதா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஓட்டத்துக்குப் பதிவு செய்தவர், தன் வேதனை கலைக்கூடச் சுவரில் ஓடுவதற்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அழைக்கப்பட்டவர் ஓட்டம் நடக்கும் ஊரைப் பார்க்கிறவராக இருக்க வேண்டும். 2025-ல் கிரேட் நார்த் ரன்னை முடித்தவர்களுக்குக் கொடுத்த பதக்கத்திலும் சட்டையிலும் நியூகாசிலும் டைன் நதியும் இருக்கவேண்டிய இடத்தில், பக்கத்து ஊரும் பரம வைரியுமான சண்டர்லாந்தும் வியர் நதியும் அச்சாகியிருந்தன. அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பாலம், ஆறு, கட்டடம் என்று எங்கும் பொருந்தும் அலங்காரமாக ஓர் ஊரை வரைந்தால் எந்த ஊரையும் வரைந்துவிடலாம். விளம்பரப் படங்களுக்கு இந்தத் தவறு நேர்ந்தால் யாரும் கவனிப்பதுகூட இல்லை. நகரத்தின் பெயரை மாற்றிப் போட்டாலும் அவை அப்படியே ஓடும்.

ஓடியவர் ஒவ்வொருவரின் நேரத்தையும் ஒரு சிப் விநாடி சுத்தமாகக் குறித்துவைக்கிறது. வென்றவரின் முகத்தைத் தொலைக்காட்சி பார்த்துக்கொள்கிறது. மூன்றாவது மணி நேரத்தில் கடலோரச் சாலையில் ஒருவர் ஏன் நிற்காமல் போகிறார் என்பது மட்டும் எதிலும் பதிவாவதில்லை. ட்ரோன் காட்சிகளுக்குப் பணம் ஒதுக்கும் அமைப்பாளர்கள் அதில் ஒரு பங்கை ஒரு கலைஞரிடம் கொடுக்கட்டும். கொடுத்த பிறகு, படம் முடியும்வரை அதைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்காமல் இருக்கட்டும்.