வீட்டுப் பிராணிகள்: எதில் சிக்கனம், எதில் கூடாது?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தை ஒட்டிய பழையசீவரம் போன்ற ஊர்களில் நாயும் பூனையும் இல்லாத தெரு அரிது. ஆட்டுக்கொட்டகைக்கு நாய் காவல். நெல் மூட்டைக்குப் பூனை காவல். வீட்டில் ஒருவர் நோயுற்றால் மருந்துச் செலவும் பேருந்துச் செலவும் முன்னே வந்து நிற்கின்றன. பிராணிக்கான செலவு முதலில் குறைக்கப்படுகிறது. அது இயல்பே. ஆயினும், எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்பதை அறிந்திருத்தல் நலம்.

உணவில் சிக்கனம் செய்யலாம்

கடையில் விற்கும் பொட்டல உணவு கட்டாயமன்று. நாய்க்குச் சோற்றுடன் வேகவைத்த முட்டையோ முள் நீக்கிய மீனோ ஈரலோ சேர்த்துக் கொடுக்கலாம். பூனைக்குப் பால்சோறு மட்டும் போதாது. புலால் உணவு தேவை. வெங்காயமும் பூண்டும் இவ்விரு பிராணிகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே, குழம்பு ஊற்றிய மிச்சச் சோற்றை இடாமல், குழம்பு கலக்கும் முன்பே பிராணியின் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

நோயாளியின் மாத்திரை வேண்டாம்

காய்ச்சல் என்று எண்ணி, வீட்டில் மிஞ்சிய பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தால் ஒரே மாத்திரைகூட உயிரைப் போக்கலாம். ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அரசு கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். 1962 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

தடுப்பூசியில் சிக்கனம் கூடாது

வெறிநோய் எனப்படும் ரேபிஸ், அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது. மனிதருக்கு வரும் ரேபிஸில் மிகப் பெரும்பகுதி நாய்க்கடியால் வருகிறது. நாய், பூனைக் குட்டிகளுக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து அடுத்ததும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினத்தையொட்டிப் பல இடங்களில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடைபெறும். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

கடிபட்டால்

‘நம் வீட்டு நாய்தானே, குட்டிதானே’ என்று விட்டுவிடாதீர்கள். கடித்த இடத்தையும் கீறிய இடத்தையும் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவ்வூசி இலவசமாகப் போடப்படுகிறது. பணமில்லை என்று தாமதிக்க வேண்டியதில்லை. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி உண்டு. காயம் ஆறிவிட்டது என்று இடையில் நிறுத்தலாகாது. இரத்தம் கசியும் காயத்திற்கு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் தேவைப்படும்.

உள்நோயாளியாகச் சேரும்போது

பிராணியைத் தெருவில் விட்டுவிடாமல், உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ ஒப்படையுங்கள். ஊசி போடாத நாய் தெருவில் திரிவது ஊருக்கே ஆபத்து. புற்றுநோய் சிகிச்சை பெறுவோரும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் பிராணியைத் துறக்க வேண்டியதில்லை. பிராணிக்குக் குடற்புழு நீக்க மருந்தைத் தவறாமல் கொடுங்கள். கழிவை அள்ளும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். வீட்டில் பிராணி உண்டு என்பதை எங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காமல் கூறுங்கள். உங்கள் நோய்க்கு ஏற்ற எச்சரிக்கைகளை நாங்கள் எடுத்துரைப்போம்.