அடிபட்ட எரிவாயு சிலிண்டர்: அலட்சியம் கூடாது

கிராமங்களில் விறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே இப்போது எரிவாயு அடுப்பும் இடம் பிடித்துவிட்டது. 2007-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-ல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் சிறு விவசாயிகளின் வீடுகளுக்கும் சிலிண்டரைக் கொண்டு சேர்த்தன. கலப்பைக் கொழு தேய்ந்தாலும், பம்புசெட்டில் சத்தம் மாறினாலும் உடனே கவனிக்கும் விவசாயிகள், சிலிண்டரில் ஒடுக்கு விழுந்திருந்தால் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. உயிருக்கே உலை வைக்கக் கூடிய அலட்சியம் இது.

உள்ளே இருப்பது என்ன?

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு, அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டு அடைக்கப்பட்டிருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு இந்த வாயு கலந்தாலே தீப்பிடிக்கும். 10 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள ஒரு சமையலறையை ஆபத்தான நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு கிலோ வாயு கசிந்தால் போதும்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே மேலே எழும்பிக் கலைந்து போகாமல், தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தில் தங்கும். நாற்றம் தெரிவதற்காகவே இதில் ஒரு மருந்தைக் கலந்து அனுப்புகிறார்கள்.

சிலிண்டரை முழுவதும் திரவத்தால் நிரப்புவதில்லை. சூட்டில் திரவம் விரிவதற்காகச் சிறிது இடம் விட்டிருப்பார்கள். எரிகிற விறகு அடுப்பின் அருகிலோ, கடும் வெயிலிலோ சிலிண்டரை வைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். நல்ல சிலிண்டர் இதை ஓரளவு தாங்கும். துருப்பிடித்த, அடிபட்ட சிலிண்டர் தாங்கும் என்று சொல்ல முடியாது.

சேதம் எப்படி ஏற்படுகிறது?

டிராக்டர் டிரெய்லரிலிருந்து கீழே தள்ளுவது, தெருவில் உருட்டி வருவது, இருசக்கர வண்டியில் படுக்க வைத்துக் கட்டுவது ஆகியவற்றால் ஒடுக்கு விழுகிறது. ஒடுங்கிய இடத்தில் இரும்புத் தகடு இழுபட்டு வலு குறைகிறது. அங்கே பெயிண்டும் வெடித்து உதிர்வதால் துரு எளிதில் புகுந்துகொள்கிறது. நடுவிலுள்ள பற்றவைப்பு வளையத்தின் மேலோ, அதை ஒட்டியோ விழுந்த ஒடுக்கு மேலும் ஆபத்தானது.

அடிப்பாகம் துருப்பிடிப்பதற்கு ஈரத் தரையே முக்கிய காரணம். சிலர் உர மூட்டைகளோடு சிலிண்டரையும் ஒரே அறையில் போட்டு வைக்கிறார்கள். பொட்டாஷ் உரத்திலுள்ள உப்பு, ஈரத்தோடு சேர்ந்து இரும்பை வேகமாக அரிக்கும். மாட்டுத் தொழுவத்திலும் சிலிண்டரை வைக்கக் கூடாது. மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி, பித்தளையால் ஆன வால்வில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கக் கூடியது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பின் வழியாக வாயு கசியலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. தலைப்பாகத்து வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் முடிய என்று பொருள். எண்கள் ஆண்டைக் குறிக்கும். 'பி 29' என்று இருந்தால், 2029 ஜூன் முடிவதற்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனை செய்ய வேண்டும். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

2. காலிச் சிலிண்டரின் எடையும் அதே பட்டையில் இருக்கும். அது 15.3 கிலோ என்றால், நிரப்பிய சிலிண்டர் 29.5 கிலோ இருக்க வேண்டும். எடை குறைந்தால் கசிவும் காரணமாக இருக்கலாம்.

3. ஆழமான ஒடுக்கு, வெட்டுக் காயம், செதிலாக உரியும் துரு, தீயில் கருகிய அடையாளம், ஆடுகின்ற அடிவளையம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

4. மூடியைக் கழற்றி, வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வின் வாயில் சோப்பு நுரையைத் தடவச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்தி ஒருபோதும் சோதிக்கக் கூடாது.

எடையையும் கசிவையும் சோதித்துக் காட்டும்படி கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கூச்சப்பட வேண்டியதில்லை. சிலிண்டர் உங்கள் கையில் அடிபட்டிருந்தாலும் மறைக்காமல் ஏஜென்சியிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தால் அது இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

கசிவு தெரிந்தால்

அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். மின்சார சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவரை ஒட்டியுள்ள பம்புசெட்டு ஸ்டார்ட்டரைத் தொடுவதும் ஆபத்து. கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் பொருத்துங்கள். அப்படியும் கசிந்தால் சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் திறந்த வெளிக்குக் கொண்டு செல்லுங்கள். கிணறு, சாண எரிவாயுக் குழி, வைக்கோல் போர் ஆகியவற்றின் பக்கம் கொண்டு போகாதீர்கள். கிணற்றில் இறங்கிய வாயு வெகுநேரம் அங்கேயே தங்கும். பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள்.

சிலிண்டரின் உடம்பைத் தீ சூழ்ந்துவிட்டால் அணைக்க முயல வேண்டாம். எல்லோரும் வெளியேறித் தொலைவுக்குச் சென்று, 101-க்குத் தகவல் கொடுங்கள்.

காலி என்று வெட்டாதீர்கள்

பழைய சிலிண்டரை வெட்டி அடுப்பாகவோ தண்ணீர்த் தொட்டியாகவோ ஆக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. காலிச் சிலிண்டரிலும் சிறிது வாயு தங்கியிருக்கும். வெட்டும் தீப்பொறி பட்டால் அது வெடிக்கும். கடைசி வாயுவை எடுப்பதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைப்பதும், சுடுநீரில் நிறுத்துவதும் தவறு. படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாய்ந்துவிடும்.

வெல்டிங் பட்டறையில்

டிரெய்லரையும் கலப்பையையும் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும். லாரி டயரில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு. நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டரிலோ சுமார் 2,000 பவுண்டு. அது சாய்ந்து விழுந்து வால்வு முறிந்தால், சிலிண்டர் வாணம் போலச் சீறிப் பாய்ந்து சுவரையும் உடைக்கும். ஆகவே அதைச் சங்கிலியால் கட்டி நிறுத்த வேண்டும். எண்ணெய், கிரீஸ் பட்ட கையால் ஆக்சிஜன் வால்வைத் தொடக் கூடாது. ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானே தீப்பற்றக் கூடும். அசிடிலின் சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். இந்தச் சிலிண்டர்களை உங்கள் டிரெய்லரில் ஏற்றிவரச் சொன்னால், வால்வு மூடி இல்லாமல் ஏற்றாதீர்கள்.

காப்பீடு உண்டு

பதிவு செய்த வாடிக்கையாளரின் வீட்டில் எரிவாயு விபத்து நேர்ந்தால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டின் மூலம் இழப்பீடு கோரலாம். ஏஜென்சிக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் பயன்படுத்துவது அவசியம். குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது மாற்றிவிட வேண்டும்.

அடுத்த முறை சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது, பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, தேதி, எடை, துரு, வாஷர் ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் வயலில் இருக்கும் நேரத்தில் சிலிண்டரை வாங்கி வைப்பவர்கள் அவர்கள்தான்.