தொடைக்குள் இறங்கும் ராடு

சென்னையிலிருந்து வருகையில் விக்கிரவாண்டியைத் தாண்டியதும் முண்டியம்பாக்கம். அங்கே 2010 முதல் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. திருச்சி நெடுஞ்சாலையில் அடிபடுபவர்களைச் சுமந்து 108 வண்டிகள் வந்து சேரும் இடம். அவர்களில் தொடை முறிந்தவர்களும் உண்டு.

தொடை எலும்பு உடம்பிலேயே நீளமானது, வலுவானது. அது நடுவில் முறிந்தால் தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே தேங்கிவிடும். தசைகள் இழுக்க, முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கால் குட்டையாகும். மாவுக்கட்டுக்கு அடங்காது. முன்பெல்லாம் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்கைதான். நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டுக்குப் போவோர் இன்றும் உண்டு. தொடை முறிவுக்கு அது ஆபத்தான சூதாட்டம்.

1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ச்சர், மஜ்ஜைக் குழாய்க்குள் நீண்ட எஃகு ஆணியை இறக்கினார். மஜ்ஜை பாழாகுமே என்று சக மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஜெர்மன் சிறை மீண்ட அமெரிக்க வீரர்களின் எக்ஸ்ரேயில் ஆணியைக் கண்டு அமெரிக்க மருத்துவர்கள் மலைத்தார்கள்.

அந்த ஆணிதான் இன்றைய ராடு. முறிந்த இடத்தைத் திறக்காமலே அதை வைக்க முடிவதுதான் சூட்சுமம். இடுப்பருகே சிறு கீறல். எலும்பின் மேல்முனையில் ஒரு துளை. காலை இழுத்து நேராக்கி, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய கம்பியை முறிவைக் கடந்து முழங்கால் பக்கம் வரை செலுத்துவார்கள். அந்தக் கம்பியின் வழியே உட்புறத்தை அரை அரை மில்லிமீட்டராகக் குடைந்து அகலப்படுத்தி, ராடை இறக்குவார்கள். எலும்பு சுழலாமலும் குறுகாமலும் இருக்க, மேலும் கீழும் குறுக்கே ஸ்க்ரூ.

மேல் ஸ்க்ரூவுக்கு ராடின் பிடியிலேயே வழிகாட்டி உண்டு. கீழே அது உதவாது. எலும்பின் வளைவுக்கேற்ப ராடும் சற்று வளைந்து போயிருக்கும். எனவே ராடின் துளை திரையில் முழு வட்டமாகத் தெரியும்வரை சி-ஆர்மைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முட்டை வடிவில் தெரிந்தால் கோணம் சரியில்லை. தேர்ந்த கைகளையும் தாமதிக்க வைப்பது இந்த இடம்தான்.

எலும்பைக் கூட வைப்பது ராடு அல்ல. அது பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே. முறிவைச் சுற்றித் தேங்கிய ரத்தக்கட்டில்தான் புது எலும்பு முளைவிடுகிறது. திறக்காததால் அது கலைவதில்லை.

நோயாளியின் நிலை தேறியிருந்தால் முதல் நாளிலேயே ராடு வைப்பது நல்லது. படுக்கையில் கிடப்பதால் வரும் நுரையீரல் தொல்லைகள் குறையும். 2021-இல் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் செலவை ஏற்பது இங்கே பெரிய உதவி.

பெரும்பாலும் மறுநாளே முழங்காலை மடக்கச் சொல்வார்கள். எலும்பு கூட நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் இழுக்கும். அதுவரை பாரம் தாங்குவது ராடு. எலும்பு கூடாமலே போனால் ஒருநாள் அதுவும் உடையும். கூடிவிட்டால், தொந்தரவு தராத ராடை எடுக்க வேண்டியதே இல்லை.