தூரமும் ஒளியும் சுமையும்

வனவிலங்குகளைப் புகைப்படம் எடுக்கும் கலையில் நம் நாட்டில் பெயர்பெற்ற நகரங்களை எண்ணினால், பெங்களூருக்கு முன்வரிசையிலேயே ஸ்தானம் உண்டு. ஓ.சி. எட்வர்ட்ஸ் என்பவரிடம் அக்கலையைப் பயின்றவரும், தஞ்சாவூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவருமான டி.என்.ஏ. பெருமாள், அவர் காலத்தவரான ஈ. ஹனுமந்த ராவ் முதலியோர் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நகரில் வாழ்ந்துகொண்டு செய்த சாதனைகள் அந்தப் பெயருக்கு அஸ்திவாரமாயின. பெருமாள் 2017-இல் மறைந்தார். அவர்கள் வகுத்த வழியில் விடியுமுன் எழுந்து காமிராவோடு காட்டுக்குப் புறப்படும் இளைஞர்கள் இன்றும் இங்கே ஏராளம். அவர்களில் புதிதாகச் சேர்ந்தவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கலாம் என்பதாகவே இருக்கிறது. எங்கே நின்று, எந்த ஒளியில், எதை எடுக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொண்ட பிறகே அக்கேள்விக்கு விடை காண முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மில்லிமீட்டரில் சொல்லப்படும் லென்ஸின் குவியத் தூரத்தைப் பொருள் நிற்கும் தூரத்தால் வகுத்து, வந்ததைப் பொருளின் அளவால் பெருக்கினால், காமிராவின் சென்ஸாரில் விழும் பிம்பத்தின் அளவு ஏறக்குறையக் கிடைத்துவிடும். புலிகள் காப்பகங்களில் சுற்றுலா வாகனங்கள் எவ்விலங்கையும் 20 மீட்டருக்குள் நெருங்கலாகாது என்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறைகள் விதிக்கின்றன. கபினி ஆற்றங்கரையில் அந்த 20 மீட்டர் தூரத்தில், தலை முதல் வாலின் அடி வரை சுமார் 1.8 மீட்டர் நீளமுள்ள புலி ஒன்று குறுக்கே நடந்து செல்வதாகக் கொள்வோம். 400 மில்லிமீட்டர் லென்ஸில் அதன் பிம்பம் 36 மில்லிமீட்டர், அதாவது முழு அளவு சென்ஸாரின் அகலம் முழுவதும் ஆகிவிடும். 600 மில்லிமீட்டரில் புலியின் உடல் சட்டத்துக்கு வெளியே போய்விடும். அதே தூரத்தில் 2.7 மீட்டர் உயரமான யானையை 24 மில்லிமீட்டர் உயரமுள்ள சென்ஸாரில் அடக்க 150 மில்லிமீட்டரே போதுமானது. ஆகையால் ஜீப்பில் செல்பவருக்கு, 100-லிருந்து 400 வரை மாற்றத்தக்க ஜூம் லென்ஸே பெரும்பாலும் உற்ற துணையாகும்.

பறவைகளிடம் கணக்கு தலைகீழாகிறது. 1940-இல் பறவையியலாளர் சாலிம் அலியின் தூண்டுதலால் சரணாலயமான ரங்கனதிட்டில், காவிரியின் நடுவே படகில் அமர்ந்து, 20 மீட்டருக்கு அப்பால் கிளையில் அமர்ந்திருக்கும் 16 சென்டிமீட்டர் சிறு மீன்கொத்தியைக் குறிபார்த்தால், 400 மில்லிமீட்டர் லென்ஸில் கிடைக்கும் பிம்பம் 3 மில்லிமீட்டரைச் சிறிதே தாண்டும். 600 மில்லிமீட்டரிலும் 5 மில்லிமீட்டரை எட்டாது. அங்கே குவியத் தூரம் எவ்வளவு இருந்தாலும் மிகையாகாது. ஆனால் ஆடுகிற படகில் முக்காலியால் பிரயோஜனம் இல்லையாதலால், கையிலேயே தாங்கக்கூடிய எடையும் இன்றியமையாததாகிறது.

இந்த எடைப் பிரச்சினையோடு கண்ணாடி வல்லுநர்கள் நூறாண்டுகளுக்கு மேலாகப் போராடி வருகிறார்கள். முன்னே குவிக்கும் கண்ணாடித் தொகுதியையும் பின்னே விரிக்கும் தொகுதியையும் வைத்தால், லென்ஸின் உடல் அதன் குவியத் தூரத்தைவிடக் குட்டையாக அமையும் என்ற தத்துவத்தை 1891-இல் லண்டனில் தாமஸ் டால்மேயர் காமிராவில் கையாண்டார். ஜெர்மனியிலும் அதே காலத்தில் அம்முயற்சி தனியே நடந்தது. குவியத் தூரம் பெருகப் பெருக, வெவ்வேறு வர்ணங்கள் வெவ்வேறு இடங்களில் குவிவதால் உண்டாகும் கலங்கலும் பெருகியது. வர்ணங்களை அதிகம் சிதறடிக்காத ஃப்ளோரைட் படிகத்தை 1969-இல் கேனன் நிறுவனம் தனது 300 மில்லிமீட்டர் லென்ஸில் பொருத்தியது அக்குறைக்குப் பெரிய பரிகாரமாயிற்று. சாதாரணக் கண்ணாடிக்கு நேர்மாறாக வர்ணங்களைப் பிரிக்கும் நுண்வரிக் கண்ணாடியைக் கையாண்டு, 2018-இல் நிக்கான் வெளியிட்ட 500 மில்லிமீட்டர் லென்ஸின் எடை ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவே.

ஆயினும் ஒளியின் விஷயத்தில் இயற்கை எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. சின்னசாமி கிரிக்கெட் மைதானத்தில் விளக்கொளியில் நடக்கும் இரவு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். எல்லைக்கோட்டுக்கு வெளியே சுமார் 70 மீட்டர் தூரத்தில் அமர்ந்திருக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரருக்கு, 400 மில்லிமீட்டர் லென்ஸில் பேட்ஸ்மேனின் உருவம் 10 மில்லிமீட்டர் உயரத்தில் விழும். அது தாராளமாகப் போதும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுமாதலால், அதைவிட நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைக்க அவருக்கு வழியில்லை. அதே 400 மில்லிமீட்டரில், ஒளித்துளை அகன்ற எஃப் 2.8 லென்ஸ், ஒளித்துளை குறுகிய எஃப் 5.6 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதற்கு ஈடாக முன்கண்ணாடியின் குறுக்களவு 7 சென்டிமீட்டரிலிருந்து 14 சென்டிமீட்டருக்கு மேல் போகிறது, எடை ஒன்றேகால் கிலோவிலிருந்து ஏறக்குறைய 3 கிலோவாகிறது, விலையோ பல லட்சங்களை எட்டுகிறது. கையின் நடுக்கத்தை அடக்கும் சாதனம் லென்ஸுக்குள் எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும், ஓடுகிறவனின் காலை அது நிறுத்திவைக்காது. லென்ஸோடு இணைத்துக் குவியத் தூரத்தை 1.4 மடங்காக்கும் கன்வெர்ட்டர் ஒளியைப் பாதியாகவும், 2 மடங்காக்குவது கால்பங்காகவும் குறைத்துவிடும் என்பதால், இரவு ஆட்டத்தில் அவற்றை நம்பலாகாது.

எந்தக் கண்ணாடியாலும் வெல்ல முடியாத இன்னொரு தடை காற்று. அர்க்காவதி ஆற்றில் 1894-இல் அமைந்த ஹெசரகட்டா ஏரியை அடுத்த புல்வெளிக்குக் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வலசை வருகின்றன. திறந்த வெளியாதலால் அவை தொலைவிலேயே பறக்கும். 600 மில்லிமீட்டர் அங்கே நியாயமான தேவைதான். ஆனால் வெயில் ஏறித் தரை சூடானதும், வெம்மையில் வேறுபட்ட காற்றடுக்குகள் ஒளியைப் பல திசைகளில் வளைக்கத் தொடங்குகின்றன. நீண்ட லென்ஸ் பருந்தைப் பெரிதாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. விலையுயர்ந்த லென்ஸோடு பத்து மணிக்கு வருபவரைவிட, எளிய லென்ஸோடு சூரியோதயத்தில் வந்துவிட்டவர் கூர்மையான படத்தோடு திரும்புவார்.

ஆதலால் வாங்க விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எந்த இடத்துக்கு அடிக்கடி போவீர்களோ அந்த இடத்தின் தூரத்தையும் ஒளியையும் முதலில் கணக்கிடுங்கள்; பெங்களூரில் லென்ஸ்களை நாள்வாடகைக்குத் தருவோர் பலர் இருப்பதால், நாள் முழுதும் சுமந்து பார்த்து உங்கள் தோளின் சம்மதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்; பிறகு பணத்தை எடுங்கள். பல பாகங்களைத் தாமே கூட்டிச் சேர்த்துக்கொண்ட காமிராவால் முதுமலைக் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்த மா. கிருஷ்ணன் (1912–1996), யானையின் குணத்தை நன்கறிந்திருந்ததனாலேயே அதைச் சாதித்தார். அந்த அறிவுதான் எங்கே நிற்கவேண்டும் என்பதை நமக்குச் சொல்லும். முன்பெல்லாம் கூட்டின் அருகே மறைவிடம் அமைத்துப் படமெடுப்பது வழக்கமாயிருந்தது. இன்று அது தாய்ப்பறவையை விரட்டிவிடக்கூடும் என்று உணர்ந்து கைவிடப்பட்டு வருகிறது. நீண்ட லென்ஸின் உயர்ந்த தர்மம் அங்கேதான் விளங்குகிறது. மேய்கிற மான் தலை நிமிராமல் மேயவும், கூட்டிலிருக்கும் பறவை எழாமல் இருக்கவும் எவ்வளவு தூரம் வேண்டுமோ, அத்தூரத்தை நமக்கு வாங்கித் தருகிற லென்ஸே நமக்கேற்ற லென்ஸ். அதன் மீது எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தாலும் சரியே.