தி.நகருக்கு அடியில் ஓர் ஏரி!

தீபாவளிக்குப் புடவை எடுக்க தி.நகரில் அலைகிறோமே, அந்த இடம் ஒரு காலத்தில் ஏரி! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால், ஆங்கிலேயர் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். வயலுக்குப் பாய்ந்த ஏரியில் வெள்ளைக்காரர்கள் படகுப் போட்டியும் நடத்தினார்கள்.

நகரம் பெருகியது, வீட்டுமனை தேவைப்பட்டது. 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், ஏரியை வடித்து மனை பிரித்தார்கள். 1925-ல் மறைந்த பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் புதிய நகருக்கு வந்தது. அன்றைய முதன்மை அமைச்சர் பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கு.

மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. பார்க்கத்தான் ஏரி இல்லை. ஆனால், தண்ணீர் பழைய இடத்தை மறக்கவில்லை. 2015-லும் 2021-லும் மாம்பலம், தி.நகர் தெருக்களில் வெள்ளம் நின்றது.

வீடு வாங்கும் முன், தெருப் பெயரையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்!